இந்த முறை பொது வார்டு

ஜூலை 14, செவ்வாய்

பள்ளிச் சீருடைக்கு வந்த நீலத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். நகராட்சி அலுவலகத்து எழுத்தர் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். "மேடம், வார்டு பட்டியல் வந்துடுச்சு. உங்க வார்டு இந்தத் தடவை பெண்கள் வார்டு இல்ல. பொதுவாயிடுச்சு" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கவுன்சிலர் ஆன கதையில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கட்சியில் பழைய ஆள் என் கணவர்தான். போன தேர்தலில் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், வேறு வழியில்லாமல் என்னை நிறுத்தினார்கள். முதல் வருடம் மன்றக் கூட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தார். யார் எது கேட்டாலும் முதலில் அவர் இருமுவார், பிறகு நான் பேசுவேன். அப்புறம் பஸ் டிப்போவில் அவருக்கு வேலை கூடிப்போனது. நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். போகப் போகப் பிடித்துப்போனது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "அப்பாடா, இனி நிம்மதியா தையல் வேலையப் பாக்கலாம்" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். "நல்லபடியா முடிச்சீங்க" என்று மருந்துக்கடைக்காரர் கை கொடுத்தார். ஆளாளுக்கு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டேனா?

ஜூலை 15, புதன்

ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

இந்த ஊரில் பெரிய முடிவுகள் எல்லாம் மார்க்கெட் முனை சலூனில்தான் நடக்கும். ஞாயிறு காலை கட்சிச் செயலாளர் அங்கே வந்து உட்காருவார். தடித் தடியாகக் கண்ணாடி போட்டிருப்பதால் ஊரில் அவருக்குப் பெயர் சோடாபுட்டி. அவருக்கு முகச்சவரம் முடிவதற்குள் எந்தத் தெருவுக்குத் தார் போடுவது என்பது முடிவாகிவிடும். திங்கட்கிழமை மன்றத்தில் நாங்கள் போய்க் கையைத் தூக்குவோம். நகராட்சியில் நான் நுழையாத அறை இல்லை. அந்தச் சலூனுக்குள் மட்டும் இன்றுவரை போனதில்லை. எப்படிப் போவது?

என் கணவர் இன்று காலை அங்கிருந்துதான் வந்தார். கன்னம் பளபளவென்று இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"சோடாபுட்டி கேட்டான், இந்தத் தடவை நீயே நில்லுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கத்தி கழுத்துல இருந்துச்சு. தலையைக்கூட ஆட்ட முடியல. 'ம்'ன்னேன்."

அந்த 'ம்' போதுமாம். உடனே எல்லோரும் கைதட்டிவிட்டார்களாம். முகத்தில் நுரையைத் துடைப்பதற்குள் வேட்பாளருக்கு டீ வந்துவிட்டதாம்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கழுத்தில் கத்தியை வைத்துச் சம்மதம் வாங்குவது என்று சும்மா சொல்வோம், இவர்கள் நிஜமாகவே வாங்கியிருக்கிறார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பிப் பார்த்தால், கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டு முகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். போஸ்டருக்கு எந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று.

கத்திய எடுத்த பெறகு வாய் இருந்துச்சுல்ல? 'என் பொண்டாட்டிதான இத்தன நாளா பாத்துக்கிட்டா, அவள ஒரு வார்த்தை கேக்கணும்'னு சொல்ல எத்தன நேரம் ஆயிருக்கும்? டீ ஆறிப் போயிருக்குமா?

இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். பெரிய வீராங்கனைதான் போ.

ஜூலை 20, திங்கள்

பேசவில்லை. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரு வீட்ல எதிர்க்கட்சி, யாரு ஆளுங்கட்சி? சொல்லிட்டா நான் காலேஜ் போவேன்" என்றாள்.

ஜூலை 23, வியாழன்

சோடாபுட்டி கடைக்கே வந்துவிட்டார். கையில் மாதிரிப் போஸ்டர். அதில் அவர் — என் அவர் — இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். அது வேறு கோபம்.

"தங்கச்சி, உங்களை விட்டுடுவோமா? மகளிர் அணியில நல்ல பொறுப்பு ஒண்ணு வச்சிருக்கோம்" என்றார். அந்தப் பொறுப்பு எனக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டி வர வேண்டும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். தலைவர்கள் வந்ததும் எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்ப வேண்டும்.

"நானே திரும்பவும் நின்னா என்னண்ணே?" என்றேன்.

அவர் சிரித்தார். "இது ஆம்பள வார்டாயிடுச்சேம்மா."

"பொதுன்னுதானே போட்டிருக்கு?"

"பொதுன்னா அப்படித்தானே அர்த்தம்? உங்களுக்குன்னு தனியா வார்டு ஒதுக்கியிருக்காங்க. அங்க உங்க ஆளுங்க நிக்கட்டும். இங்கயும் வந்துட்டா நாங்கல்லாம் எங்க போறது, சொல்லுங்க?"

கோபப்பட்டுச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை பெண்கள் வார்டு என்பது பஸ்ஸில் மகளிர் இருக்கை மாதிரி. நாங்கள் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம், மற்ற இருக்கைகளில் உட்கார்ந்தால் இடத்தை அடைத்துக்கொள்கிறோம்.

ஒன்று உறுத்துகிறது. நான் ஏன் அதை விளையாட்டு மாதிரிக் கேட்டேன்? 'நின்னா என்னண்ணே' என்று இழுத்து, சிரித்து, தப்பித்துக்கொள்ள வழி வைத்துக்கொண்டு. எனக்கு வேண்டும் என்று ஏன் சொல்ல வரவில்லை? மக்களுக்குச் சேவை செய்ய ஆசை என்றால் நாக்கு சுலபமாகப் புரள்கிறது. கவுன்சிலராக இருக்க ஆசை என்று சொல்லப் போனால் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கிறது. என் கணவருக்கு அப்படி இல்லையே. ஒரு 'ம்'மிலேயே சொல்லிவிட்டார்.

ஜூலை 26, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். என் கணவரின் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பி மேல் உயிர். தம்பி தேர்தலில் நிற்கப்போகிற சந்தோஷத்தில் பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன் போலிருக்கிறது.

"என்னடி, பாத்திரம் பேசுது, நீ பேச மாட்டேங்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சத்தம்?"

சொல்லிவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னேன். "எனக்கு வேணும் அண்ணி. அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு நல்லா வருது. விட்டுக்கொடுக்க மனசில்ல." சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குழாயை மூடினார். "அவனுக்கு வேணும்னு அவன் வாங்கிக்கிட்டான். உனக்கு வேணும்னா நீயும் கேளு. ஊருக்கெல்லாம் தைக்கிறேன்னு உன் வாயையும் சேத்துத் தச்சுக்கிட்டியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. என் தம்பி மூஞ்சி தொங்கிப்போச்சு, உன்னச் சும்மா விட மாட்டேன்."

இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்டேன். அது உன் பாடு என்று சொல்லிவிட்டுப் பழத்தை நறுக்கப் போய்விட்டார்.

ஜூலை 30, வியாழன்

இன்று மார்க்கெட்டில் வேட்பாளர் அறிமுகம். நான் போகவில்லை, கடையில் இருந்தேன். சரியாக அவர் மீன் வரிசைக்குப் போயிருப்பார் என்று நினைத்த நேரத்தில் போன் வந்தது.

"ஏய், மார்க்கெட் பொம்பளைங்க கழிப்பறைக்கு எந்தப் பக்கம் கதவு வச்சோம்? ஏன் அந்தப் பக்கம்னு கேக்குறாங்க."

வைத்தோமாம். அந்தக் கதவுக்கு நான் பட்ட பாடு! பொறியாளர் அதை டீக்கடையைப் பார்த்த மாதிரி வைத்திருந்தார். ஆண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற இடத்தைத் தாண்டி எந்தப் பெண் போவாள்? கட்டி முடித்தும் ஒருத்தியும் போகவில்லை. சுவரை இடித்து மறுபக்கம் வைக்க மன்றத்தில் தொண்டை வற்றப் பேசினேன். போனில் சொன்னேன், உள்பக்கம் பார்த்த மாதிரி, இன்ன காரணத்துக்காக என்று.

அடுத்து, "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சந்துல லைட்டு என்னாச்சு?" கம்பம் வந்துவிட்டது, இணைப்புத்தான் வரவில்லை என்றேன். தையல் மிஷினை மிதித்துக்கொண்டேதான் சொன்னேன்.

மூன்றாவது தடவை பேசியது அவர் இல்லை, மீன் விற்கிற அக்கா. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாளாம். "டெய்லரம்மா, எதக் கேட்டாலும் உனக்குத்தான் போன் போடுறாரு. பேசாம நீயே வந்துடேன், ரீசார்ஜாவது மிச்சமாகும்." பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. இத்தனை பேருக்கு நடுவில் அப்படி நிற்பது யாருக்கும் கஷ்டம்தான்.

ஆகஸ்ட் 1, சனி

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். பிழிந்துகொண்டே கேட்டேன்.

"உங்களுக்கு நிஜமாவே ஆசையா?"

"ஆமா" என்றார். "நீ பேக்கைத் தூக்கிட்டு மன்றத்துக்குக் கிளம்புவே. நான் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு நட்டு முடுக்கிட்டிருப்பேன். ஊர்ல எல்லாரும் உன்னப் பத்திப் பேசுறாங்க. எனக்கும் ஒரு தடவை... தப்பா?"

"தப்பில்ல. எனக்கும் ஆசை. உங்களுக்கு முன்னாடியிருந்தே."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

போர்வையைக் கொடியில் போட்டோம். இரண்டு பக்கமும் நின்றுகொண்டதால் முகம் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. "மீன் வரிசையில என்ன சிரி சிரிச்சாங்க தெரியுமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அவங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும் பதில் உங்கிட்ட இருக்கு. நான் நின்னு ஜெயிச்சாலும் டெய்லி உனக்கு போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கணும். நீயே நில்லு."

நான் போர்வைக்குக் கிளிப் மாட்டினேன்.

"ஆனா எனக்கு இந்த ஆசை போக நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் என் மூஞ்சியப் பாத்து ஏன் இப்படி இருக்கேன்னு கேக்காத."

கேட்க மாட்டேன் என்றேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், போர்வைக்குப் பின்னால் அழுதேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

சலூனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சோடாபுட்டிக்கு வந்த கோபத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிவிட்டதாம். கட்சிச் சீட்டு சோடாபுட்டியின் மச்சானுக்குப் போய்விட்டது. அந்த மச்சான் எங்கள் வார்டில் குடியிருப்பதே வீட்டு வரி ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் நான் சுயேச்சை. அந்த வார்த்தையை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மனுத் தாக்கல். மகளும் மீன்கார அக்காவும் உடன் வந்தார்கள். அக்காதான் என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டாள். அதற்காகக் காலையிலேயே கடையை அடைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, மகனுடைய வாசனைத் திரவியத்தைப் பாதி பாட்டில் அடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்ததும், "பெண்கள் வார்டுக்கு அடுத்த மேஜைம்மா. இது பொது" என்றார்.

"தெரியும் சார். பொதுவுக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆண்பிள்ளை யாராவது வருகிறாரா என்று தேடியிருப்பார். வந்தது அக்கா. "ஆளு அவங்கதான் சார். வேற யாரும் வரல, எழுதுங்க" என்றாள்.

எழுதினார்.

ஆகஸ்ட் 8, சனி

சின்னம்: வாளி. கத்தரிக்கோல் கேட்டேன். அது சைக்கிள் கடைக்காரருக்குப் போய்விட்டது. அவருக்குக் கத்தரிக்கோல் எதற்கு? அவர் சைக்கிள் கேட்டாராம், அது வேறு யாருக்கோ. எப்படியோ போகட்டும். வாளி இல்லாத வீடு இல்லை.

அவருக்கு ஆசை போய்விட்டது என்று நினைக்கிறேன். சொன்ன நாளுக்கு மேல் மூன்று நாள் ஆயிற்று. இன்று காலை டிப்போவிலிருந்து பெயின்ட் கொண்டுவந்து அட்டையில் வாளி வரைந்துகொண்டிருந்தார். பானை மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த என் போஸ்டரில் யாரோ கரியால் எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். மகள்தான் முதலில் பார்த்தாள். அவ காலேஜ் போற வழி அது. கூடப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் அந்த வழியாத்தான் போவாங்க. அவ என்ன பாவம் பண்ணினா? அஞ்சு வருஷம் நாயா ஓடுனேன், எவனுக்காவது என் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடிஞ்சுதா? முடியல, அதான் இத எழுதுறான்.

வாபஸ் வாங்க இன்னும் நேரம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேனோ? தெரியவில்லை. இன்று மட்டும் கேட்டால், வாங்கியிருப்பேன்.

டிப்போவில் பழைய பெயின்ட் சுரண்டுகிற தகடு ஒன்று இருக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சுரண்டிவிட்டு வந்தார். கையில் சிராய்ப்பு. மகள் புதுப் போஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் ஒட்டினாள். திரும்பி வந்து, "பசை தீந்துபோச்சும்மா, நாளைக்கு வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பெற்ற பெண்தானா இவள்?

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படிச் சொல்வது!

காலையில் ஓட்டுக் கேட்கக் கீழத்தெருவுக்குள் நுழைந்தால், ஒரு வீட்டு வாசல் கதவில் வாளி தொங்குகிறது. காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் தொங்கியது. அதற்கடுத்த வீட்டில் குழந்தை குளிக்கிற சின்ன வாளி. நீலம், சிவப்பு, கைப்பிடி போனது, அடி விரிந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. மகள் மேல் ஆணை, சொல்லவில்லை. மீன்கார அக்காவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்று வேறு பக்கம் பார்க்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், மச்சானுக்கு வேலை செய்கிற ஒருவர் வீட்டு வாசலில் கட்சிக் கொடி பறக்கிறது. சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகப் போனால், அதே வீட்டுச் சுவரில் வாளி. அந்த வீட்டம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தெருமுனையில் பேசினேன். மைக்கை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதி வைத்த பேச்சை விட்டுவிட்டேன். "எனக்கு இந்த வேலை வேணும். நல்லாப் பாப்பேன். போன தடவை பாத்தேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும். அதனால கேக்குறேன்" என்றேன். சொல்லிவிட்டேன், அதுதான் முக்கியம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வரிசையில் நின்று எனக்கே ஓட்டுப் போட்டேன். கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். வித்தியாசத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், உட்கார இடம்கூட மிஞ்சும். இருந்தால் என்ன? ஜெயித்தது ஜெயித்ததுதான்.

நாத்தனார் போன் செய்தார். முதல் கேள்வி, "தம்பி மூஞ்சி எப்படி இருக்கு?" போனை அவரிடமே கொடுத்தேன். மனிதர் தான் ஜெயித்த மாதிரி அரை மணி நேரம் பேசினார்.

செப்டம்பர் 10, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. கடையில் வேலை நிறைய. அவர் லீவு போட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் பழைய மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

போன தடவை நான் ஜெயித்த புதிதில், குறை சொல்ல வருகிற ஆண்கள் கடை வாசலில் நின்று, "அவர் இல்லியா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிப்போவுக்குப் போய்விடுவார்கள். இரவு அவர் வரும்போது சட்டையில் கிரீஸும் வாயில் ஊர்க் குறையுமாக வருவார்.

இன்று குடையும் இல்லாமல் நனைந்துகொண்டே ஒருவர் வந்தார். மச்சானுக்காகத் தெருத் தெருவாகக் கொடி பிடித்தவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரைத் தாண்டி, நேராக உள்ளே தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சாக்கடை ரொம்பி வீட்டுக்குள்ள வருது! ஓட்டுக் கேக்க மட்டும் வீடு வீடா வரத் தெரிஞ்சுதுல்ல? இப்ப எங்க போனீங்க? உங்களையெல்லாம் எதுக்கு உக்கார வச்சிருக்கோம்?"

அவர் எண்ணெய்க் கையோடு எழுந்தார். "அண்ணே, என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க..."

வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க உக்காருங்க. நான் கவுன்சிலர்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்றார்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த திட்டு வேறு இல்லை. ஆனால் சிரித்திருந்தால் அந்த மனிதர் அடித்தே விட்டிருப்பார். முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அந்த ஆளோடு போனேன். வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. அந்த ஆள் சொன்னது சரிதான், மோசமாகத்தான் இருந்தது.